ஒரு கடிகாரத்துக்கு நான் போட்ட பாலிஷ்

பிரசன்னா இந்த மாதத்தில் மட்டும் நான்கு முறை போன் செய்துவிட்டார். சென்னையில் நான் வேலை பார்த்த கடிகார சர்வீஸ் அறைக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. நான்கு முறையும் ஒரே கேள்வி.

"சார், பழைய வாட்ச விக்கிறதுக்கு முன்னாடி பாலிஷ் போட்டா ரேட் ஏறுமா எறங்குமா? கஸ்டமருக்கு என்னன்னு சொல்றது? புதுசா வந்த பசங்களுக்குப் படிக்கிற மாதிரி ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்."

போனில் சொன்னால் போதாதா என்றேன். போதாதாம். எனக்கு இப்போது அறுபத்தைந்து வயது. உட்கார்ந்தால் முழங்கால் மடங்குகிறது, எழுந்தால் நிமிர மறுக்கிறது. இடது கண்ணில் புரை. ஒரு பக்கம் எழுத நாற்பது நிமிடம் ஆகிறது. அதற்குள் இரண்டு முறை மின்சாரம் போகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். கேள்விக்குப் பதில் இரண்டு வரிதான். அந்தப் பதில் எனக்குத் தெரிந்திருந்தும் ஒரு பெண்ணிடம் சொல்லாமல் விட்டேன் என்பதுதான் மீதிப் பக்கங்கள்.

முதலில் பதில். விலை உயர்ந்த கடிகாரத்தைப் பழையதாக வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கையில் கட்டிக்கொள்ள வாங்குகிறவர், மேலோட்டமான கீறல்களை நல்ல கை ஒன்று பக்குவமாக எடுத்திருந்தால் சந்தோஷப்படுவார். ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே விற்றுப்போகும், விலையும் கொஞ்சம் கூட வரலாம். சேகரித்து வைக்க வாங்குகிறவர் அப்படியில்லை. அவருக்குக் கீறலைப் பற்றிக் கவலை கிடையாது. கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த உலோகம் முழுசாக இருக்கிறதா, விளிம்புகள் கூராக இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். அவரிடம் பாலிஷ் போட்ட கடிகாரத்தைக் கொண்டுபோனால் விலை இறங்கும். பழைய மாடலாக இருந்தால் பயங்கரமாக இறங்கும். வாங்கப்போவது யார் என்று தெரியாதவரை பாலிஷ் சக்கரத்தைச் சுற்றவிடாதீர்கள். கடிகாரத்தின் வெளிக்கூடு, அதாவது கேஸ், முலாம் பூசியதாக இருந்தால் எப்போதுமே சுற்றவிடாதீர்கள்.

இதை எனக்குச் சொன்னவர் நசீர் சார்.

நான் ஐ.டி.ஐ. முடித்து இருபத்திரண்டு வயதில் அந்த அறைக்குள் போனேன். முதல் பதினோரு மாதம் கடிகாரத்தையே தொடவிடவில்லை. பித்தளைக் கட்டியை எமரி தாளில் தேய்த்துச் சமமாக்கு என்றார்கள். நூற்று முப்பத்தாறு கட்டிகள் தேய்த்தேன். பிறகு பழைய கேஸ்கள், பிறகு செயின்கள், நான்காம் வருடம் பாலிஷ் போடும் பஃப் சக்கரம். மொத்தம் முப்பத்தாறு வருடம். வாரம் முழுக்கச் சென்னையில் ஒரு மேன்ஷன் அறை, சனிக்கிழமை காலை ஆரணிக்கு பஸ், திங்கள் விடியும் முன் திரும்ப பஸ். வேலையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

நசீர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஆற்காட்டுக்காரர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஓய்வு வயது வந்த பிறகும் நிர்வாகம் அவரை நீட்டித்து வைத்திருந்தது. கடிகார அறையின் தலைவரான அவர் கையில் கடிகாரம் கிடையாது. மோதிரம் கிடையாது. பெல்ட்டும் கட்டமாட்டார். பக்கிள் மேஜையில் உரசும், மேஜையில் இருக்கிற கடிகாரத்திலும் உரசும் என்பார். அதனால் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொள்வார். மணி தெரிய வேண்டுமென்றால் எங்களைத்தான் கேட்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அப்போது நாங்கள் நாற்காலியை முன்னுக்கு நகர்த்திக் கேட்க வேண்டியிருக்கும்.

பாலிஷ் கேட்டு வரும் எந்தக் கடிகாரத்தையும் அவர் மூன்று நாள் டிராயரில் வைத்துவிடுவார்.

"ஜல்தி இன்னாப்பா? மூணு நாள்ல கீறல் வளரவா போகுது?" என்பார்.

அந்த மூன்று நாளில் பத்தில் நான்கு பேர் மனம் மாறிப் போன் செய்வார்கள். மாறாதவர்களை நேரில் வரச்சொல்லி, அவர்கள் கட்டைவிரலைப் பிடித்து, செயினைப் பிடித்திருக்கும் நான்கு கால்களின் விளிம்பில் ஓடவிடுவார். அந்தக் கால்களை நாங்கள் லக் என்போம். "இந்த மொனை தெரியுதா? பாலிஷ் போட்டா இது கொஞ்சம் போகும். போனா வராது. சரியா?" என்று கேட்பார். சரி என்றால் அவர்கள் கையாலேயே எழுதி வாங்குவார்.

பிறகு கேஸை மட்டும் கழற்றி வெள்ளை அட்டையில் கவிழ்த்து வைத்து, ஊசி மாதிரி சீவிய கெட்டிப் பென்சிலால் சுற்றுக்கோடு வரைவார். ஆறு இடங்களில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து அதே அட்டையில் குறிப்பார். பாலிஷ் கேட்காமல் வெறும் சர்வீஸுக்கு வந்த கடிகாரத்துக்கும் இந்த அட்டை உண்டு. எதற்கு சார் வீண் வேலை என்று ஒருமுறை கேட்டேன். அவர் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நல்ல கையாக இருந்தால் ஒரு பாலிஷுக்கு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு, நான்கு பங்கு போகும். என் கை நல்ல கை. என் அட்டைகளில் நான்குக்கு மேல் எழுதியது மிகச் சில தடவைதான்.

இனி வசந்தா விஷயம்.

ஏழரை வருடம் இருக்கும். எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம் பாக்கி. ஒரு சனிக்கிழமை மதியம் நான் ஆரணி வீட்டில் சாப்பிட்டு முடிப்பதற்குள் வசந்தா வந்து நின்றாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பட்டு வியாபாரம் செய்தவரின் மகள். அவர் இறந்து அப்போது ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. பெரிய மகனுக்குக் கடையும் சரக்கும், சின்ன மகனுக்கு வீடு, வசந்தாவுக்குத் தன் கைக்கடிகாரம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். சிங்கப்பூரில் புடவைக் கண்காட்சிக்குப் போன இடத்தில் வாங்கிய எஃகுக் கடிகாரம். அது எங்கள் அறைக்கு ஒருமுறை சர்வீஸுக்கு வந்தபோதே எனக்குத் தெரியும், அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், சேகரிக்கிறவர்கள் தேடி அலைகிறார்கள் என்று. மனிதரும் விவரம் தெரியாதவர் இல்லை. விலை விசாரித்துத்தான் வைத்திருந்தார்.

வசந்தாவின் தொழில் புடவை பாலிஷ். கசங்கிப்போன பட்டுப்புடவையைச் சுத்தம் செய்து, லேசாகக் கஞ்சித் தண்ணீர் தெளித்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்தால் விறைப்பும் மினுமினுப்புமாகப் புதுசு மாதிரி வரும். கடைக்காரர்கள் திரும்பி வந்த புடவையைப் பாலிஷ் போட்டுத்தான் மறுபடி அலமாரியில் அடுக்குவார்கள். அவள் உருளை மெஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தை விற்றுச் சொந்த மெஷினும் மெயின் ரோட்டில் ஒரு கடையும் பிடிக்க வேண்டும் என்பது திட்டம். வாங்க ஆள் பார்த்தாயிற்று. சென்னைக்காரர், போட்டோவில் பார்த்தே விலை பேசிவிட்டார். திங்கட்கிழமை நேரில் வரச்சொல்லியிருந்தார்.

"அண்ணா, இதைப் பளபளன்னு பண்ணிக் குடுங்கண்ணா. இப்பிடியே எடுத்துகினு போனா அசிங்கமா இருக்குது" என்று கைக்குட்டையைப் பிரித்தாள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இருபத்தேழு கீறல்கள். இருபத்தாறு, மேலோட்டமானவை. ஒன்று மட்டும் இடப்பக்கத்தில் ஆழமாக, கீழ் லக்கிலிருந்து மேல் லக் வரை. அவள் அப்பா கடை ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது தினமும் பட்டுப்பட்டு விழுந்தது.

"அந்தாள் இதைப் பார்த்துத்தானே விலை சொன்னாரு?" என்றேன்.

"போட்டோல இந்தப் பக்கம் தெரியாத மாதிரி எடுத்துட்டேன்" என்று சிரித்தாள். "எங்க தொழில்ல பாலிஷ் போட்டா ஒரு புடவைக்கு ஆயிரம் ரூபா கூட வருது. இம்மாம் பெரிய வாட்சுக்கு வராதா? எங்கண்ணி வேற, 'ஓட்ட வாட்ச வச்சிகினு இன்னாத்த கிழிக்கப்போற'ன்னு கேட்டுகினே இருக்காங்க. கொஞ்சம் பார்த்து பண்ணுங்கண்ணா."

அந்த நிமிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். பட்டில் பாலிஷ் என்றால் மேலே ஒன்றைச் சேர்ப்பது. உலோகத்தில் பாலிஷ் என்றால் இருப்பதிலிருந்து எடுப்பது. ஆரணியில் இது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டுப் பின்கட்டில் ஒரு பஃப் மோட்டார் இருந்தது. அறையில் கழித்துப்போட்ட சக்கரங்களைக் கொண்டுவந்து ஊர்க்காரர்களின் சில்லறைக் கடிகாரங்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். நிர்வாகத்துக்குத் தெரிந்தால் வேலை போகும். அதைவிட, இந்த மாதிரி ஒரு கேஸ், கேட்க நசீர் சார் இல்லாமல், அட்டை இல்லாமல், மூன்று நாள் இல்லாமல், என் கைக்கு முழுசாக வந்திருக்கிறது. அந்த ஆழக்கீறலை என்னால் இல்லாமல் செய்ய முடியும் என்று பட்டது. முடியும்தான்.

"நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கோம்மா" என்றேன்.

ஆழமான கீறலை எடுப்பது எப்படியென்று இளைஞர்களுக்குச் சொல்கிறேன், செய்யாமல் இருப்பதற்காக. பள்ளத்தை நிரப்ப முடியாது. பள்ளத்தின் அடிமட்டம் வரை அந்தப் பக்கம் முழுவதையும் இறக்க வேண்டும். மூன்று தரத்தில் எமரி, பிறகு ஃபெல்ட் என்ற கம்பளிச் சக்கரம், பிறகு துணிச் சக்கரம். இடப்பக்கம் மட்டும் இறங்கினால் முன்னாலிருந்து பார்க்கும்போது கேஸ் கோணிக்கொள்ளும். அதனால் ஒரு கீறல்கூட ஆழமாக இல்லாத வலப்பக்கத்தையும் அதே அளவு இறக்கினேன். இரண்டு பக்கமும் இறங்கியதும் லக்கின் மேல்விளிம்பில் சாய்வாக ஓடும் மெல்லிய பட்டை காணாமல் போயிற்று. அதைப் புதிதாக வெட்டினேன், பழைய அகலத்தில் பாதிதான் வந்தது. பிறகு மேல்பரப்பில் நேர்வாக்கில் மெல்லிய கோடுகளாக நார் இழைகள் போட்டேன். சனி ஐந்து மணி நேரம், ஞாயிறு ஆறு மணி நேரம். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை.

ஞாயிறு சாயங்காலம் வசந்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை அந்தக் கடிகாரம் எங்கள் அறைக்கு வந்தது.

வாங்குகிறவர் விவரமானவர். பணம் கொடுப்பதற்கு முன் சோதனைச் சீட்டு வாங்கக் கொண்டுவந்திருந்தார். நசீர் சார் கேஸைக் கழற்றினார். கேஸில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்து அலமாரியிலிருந்து பழைய அட்டையை எடுத்தார். சர்வீஸுக்கு வந்தபோது அவரே வரைந்தது. கேஸை அந்தக் கோட்டுக்குள் வைத்தார். நான் நான்கடி தள்ளி என் மேஜையில் இருந்தேன். அங்கிருந்தே தெரிந்தது. இரண்டு பக்கமும் கோட்டுக்கும் எஃகுக்கும் நடுவே வெள்ளை அட்டை.

ஆறு இடமும் அளந்தார். "நூத்துல முப்பத்தொண்ணு" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

வாங்க வந்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "சப்பிப்போட்ட மிட்டாய் மாதிரி இருக்கே சார்" என்றார்.

"வெளியில போட்ட பாலிஷ்" என்றார் நசீர் சார். அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை, உதடு தெரிந்தது. நாற்காலியை முன்னுக்கு நகர்த்த எனக்குத் தைரியம் இல்லை. பிறகு கேஸை வெளிச்சத்தில் சாய்த்து அந்த நார் இழைகளை ரொம்ப நேரம் பார்த்தார். இழை போடும்போது முடிவில் கையை லேசாகத் தூக்கிவிடுவது என் பழக்கம். முப்பது வருடத்துக்கு மேலாக அதை அவர் பார்த்திருக்கிறார்.

"நல்ல கைப்பா" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதோடு சரி. ஏன் என்று கேட்கவில்லை, நிர்வாகத்துக்கு எழுதவில்லை. அடுத்த நாளிலிருந்து எனக்குப் பாலிஷ் வேலை வரவில்லை. செயின் கழுவும் தொட்டியில் போட்டார். ஓய்வு பெறும் வரை இருநூற்று முப்பத்தொன்பது வேலை நாள் செயின் கழுவினேன். பிரிவு உபசாரத்தில் எல்லோரும் பேசினார்கள். அவர் மாலை போட்டார், கையைக் குலுக்கினார், பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு வருடம் முன்பு காலமானார். நான் போகவில்லை.

வசந்தாவுக்குப் பேசிய விலையில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துபோயிற்று. அந்தச் சனிக்கிழமை நான் ஊருக்கு வந்ததும் அவள் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

"அண்ணா, இன்னாண்ணா இது? அந்தாள் இன்னாவோ பாலிஷ் கீலிஷ்னு சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல. கொறைச்சிட்டாரு."

"வாங்குறவங்க அப்பிடித்தாம்மா எதையாவது சொல்லிக் கொறைப்பாங்க. மாடல் பழசு. இப்ப மார்க்கெட்டும் இல்ல. வந்த வரைக்கும் லாபம்னு வாங்கிக்கோ" என்றேன்.

மூன்று பொய். மாடல் பழசு என்பதால்தான் மதிப்பு. மார்க்கெட் இருந்தது. லாபம் இல்லை.

அவள் நம்பினாள். குறைத்த விலைக்கே கடிகாரத்தைக் கொடுத்தாள். மெயின் ரோட்டுக் கடை கனவு போயிற்று. பழைய உருளை மெஷின் ஒன்றை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொண்டாள். ஓய்வு பெற்று வந்த பிறகு அவள் தெரு வழியாகப் போவதை நான் தவிர்த்தேன். மருந்துக்கடைக்கு அந்த வழி முந்நூற்று பத்து அடி, சுற்று வழி ஐந்நூற்று அறுபது. இந்த முழங்காலோடு சுற்று வழியில்தான் போய்வந்தேன்.

பிரசன்னாவுக்காக முதல் பக்கத்தை எழுதி முடித்த அன்று மேற்கொண்டு எழுத முடியவில்லை. விற்கிறவரிடம் முதலில் சொல்லுங்கள் என்று இளைஞர்களுக்கு எழுதிவிட்டு, நான் சொல்லாமல் இருக்க முடியாது. போன செவ்வாய்க்கிழமை காலை நேர் வழியில் போனேன்.

வசந்தா மெஷினில் இருந்தாள். அரக்கு நிறப் புடவை ஒன்று பாதி உள்ளே போயிருந்தது.

"வாங்கண்ணா. வழி தெரிஞ்சுதா? புடவை எதுனா எடுத்துகினு வந்தீங்களா?"

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும், அதோடு உட்காரவும் தோன்றவில்லை. விலை குறைந்தது என் கையால், என் பாலிஷால் என்றேன். மார்க்கெட் இல்லை என்றது பொய் என்றேன். கீறலோடு அப்படியே கொண்டுபோயிருந்தால் பேசிய விலைக்கு மேலேயே கேட்டிருக்கலாம் என்றேன்.

அவள் முதலில் உருளையைப் பின்பக்கம் சுற்றிப் புடவையை வெளியே எடுத்தாள். சூட்டில் நின்றால் பட்டு பழுப்பேறிவிடும். எடுத்து மடித்து வைத்த பிறகுதான் திரும்பினாள்.

"மேலேன்னா எவ்ளோ?"

சொன்னேன்.

உதடு அசையக் கணக்குப் போட்டாள். "பெரியண்ணன் கடைச் சரக்கு அளவுக்கு வருது."

"வரும்மா."

"அப்பா மூணு பேருக்கும் சமமாத்தான் குடுக்குறேன்னாரு. ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிகினு சொன்னாரு." மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் இன்னா நெனைச்சேன் தெரியுமா? பையனுங்களுக்கு நல்லதைக் குடுத்துட்டு, பொண்ணுதானேன்னு ஆகாததை எங்கிட்ட தள்ளிட்டாருன்னு. அண்ணிங்களும் அதைத்தான் சொல்லிக் காட்டுனாங்க. 'உங்கப்பன் உனக்கு வச்ச மதிப்பு அவ்ளோதான்'னு."

நான் மடித்து வைத்த புடவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வருஷா வருஷம் பெரியண்ணன் வீட்ல அவருக்குப் படைப்பாங்க. கூப்பிடுவாங்க. வாட்ச வித்ததுலேர்ந்து நான் போகல. ஏழு படையல். அவர் போட்டோ முன்னாடி நின்னு ஒரு கும்புடு போடல நான். உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா."

"பணம் கொறைஞ்சதைக்கூட வுட்டுடலாம்ணா" என்று சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை முடிக்காமல் வெளியே போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எட்டாவது வருஷம் அடுத்த மாசம் வருது. நீங்க அங்க வந்து சொல்லணும். அண்ணனுங்க, அண்ணிங்க எல்லாரும் இருப்பாங்க. நான் சொன்னா கதை கட்டுறான்னுவாங்க. அவர் எனக்குச் சரியாத்தான் குடுத்தாரு, நாந்தான் கெடுத்தேன்னு உங்க வாயால சொல்லணும்."

"வரேம்மா."

"சாப்பிடறதுக்கெல்லாம் வராதீங்க. சொல்லிட்டுப் போயிடுங்க."

அரக்குப் புடவையைப் பிரித்து, விட்ட இடத்தைத் தேடி உருளையில் கொடுத்தாள். இலை போடுவதற்கு முன், பதினொன்றரைக்கு வரச்சொல்லியிருக்கிறாள்.